நீலம் வந்த ஞாயித்துக்கிழமைங்க

எங்க வூட்டுக்காரருக்கு சக்கர வியாதின்னு டாக்டரம்மா சொன்னப்ப, அவருக்கு முன்னாடி நான்தான் அழுதேன். அழாம இன்னா பண்றது? அவரு அண்ணனுக்கு அதே வியாதியில முட்டிக்குக் கீழ கால எடுத்து ரெண்டு வருசங்கூட ஆவல. அந்த மனுசன் காலடிப்பேட்டையில ஒரு கட்டில்ல குந்திகினு, பொண்டாட்டி வேலைக்குப் போயி கொண்டாந்து போடறத சாப்டுகினு இருந்தாரு. எங்க ஆளு துறைமுகத்துல மூட்ட தூக்கறவரு. மூட்ட தூக்கறவருக்கு காலு போச்சுன்னா அப்பறம் இன்னா மிச்சம்?

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுங்க முடியற நேரம். ராயபுரத்துல மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு சந்து. ஒரே வாசலுக்குள்ள நாங்க ஆறு குடித்தனம். கொல்லையில எல்லாருக்கும் சேத்து ஒரு கொழா, ஒரு கக்கூசு.

டாக்டரம்மா தங்கமானவங்க. மாத்திரைய எழுதிக் குடுத்துட்டு என்னத் தனியா கூப்ட்டாங்க. "ஒரேடியா எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னா நாலே நாள்ல தூக்கிப் போட்டுடுவாரு. கொஞ்சம் கொஞ்சமா மாத்தும்மா. டீயில அரை ஸ்பூன் கொற, சோத்துல ஒரு கரண்டி கொற, தெனம் கொஞ்சம் நடை. வெறுங்காலோட வெளிய அனுப்பாத. அவரு காலு உன் கையிலதான் இருக்கு"ன்னாங்க. அந்த வார்த்தைய நான் சாமி வாக்கா புடிச்சுகினேன்.

சாம்பல் புதன் அன்னிக்கி ஆரம்பிச்சேன். வேணும்னேதான். தவக்காலத்துல எங்க ஆளுங்க ஆளுக்கு ஒண்ண வுடுவாங்க. ஒருத்தரு கறிய வுடுவாரு, ஒருத்தரு பீடிய வுடுவாரு. நாப்பது நாளு பல்லக் கடிச்சுகினு இருந்துட்டு ஈஸ்டர் அன்னிக்கி எல்லாத்தையும் சேத்து வெச்சு வெளுத்துக் கட்டுவாங்க, அது வேற கத. "இந்த வருசம் நீ சக்கரய வுடு, நானும் வுடறேன்"னேன்.

"இன்னாம்மே, வியாதி எனக்குன்னா நீ ஏன் வாயக் கட்டற?"ன்னாரு.

"நீ ஒண்டியா குடிச்சா எனக்கு தொண்டையில எறங்குமா?"ன்னேன். அவ்ளோ ஆச எனக்கு அந்த ஆளு மேல. இப்ப சொல்லவே வெக்கமா கீது.

மூணு ஸ்பூன் போட்டு டீ குடிக்கிற மனுசன். மொத பத்து நாளு ரெண்டரை. அடுத்த பத்து நாளு ரெண்டு. அவரு எவ்ளோ குடிச்சாரோ அதேதான் நானும். சோத்துக் கரண்டிய எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு அதவிட சின்னதா ஒண்ணு வாங்குனேன். எப்பவும் போல மூணு கரண்டி போட்டேன், அவருக்கே தெரியாம சோறு கொறஞ்சுது. துறைமுகத்துல இருந்து பஸ் ஏறாம நடந்து வரச் சொன்னேன். காலு பூராவும் காப்புக் காச்சுப் போன, செருப்பே போட்டுப் பழகாத ஆளுக்கு, வண்ணாரப்பேட்டைக்குப் போயி தோல் செருப்பு வாங்கியாந்தேன். சாயங்காலம் வந்ததும் காலக் கழுவி, வெரலு இடுக்கெல்லாம் தொடச்சு, எங்கனா புண்ணு கீதான்னு திருப்பித் திருப்பிப் பாப்பேன். பெரிய வியாழன்னா கோயில்ல சாமியாரு பன்னெண்டு பேருக்கு கால் கழுவுவாரு இல்ல? அத்த வெச்சு, "இன்னாடி, உன் வூட்ல தெனமும் பெரிய வியாழனா?"ன்னு பக்கத்து வூட்டுக்காரிங்க கிண்டலடிப்பாளுங்க. அடிச்சுட்டுப் போறாளுங்கன்னு வுட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறதுக்கு முன்னாடி சோதன. அதுக்குன்னு டாக்டரம்மா ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் கொழாயும் வாங்க வெச்சிருந்தாங்க. அவரு கக்கூசுக்குப் போறப்ப வாளித் தண்ணியோட ஒரு சின்ன பாட்டிலயும் எடுத்துகினு போயி மூத்திரம் புடிச்சாந்து குடுப்பாரு. அதுல எட்டு சொட்டு அந்த நீல மருந்துல வுட்டு, கொல்லையில ஸ்டவ்வ வெச்சு, இடுக்கியால கொழாயப் புடிச்சு நான் கொதிக்க வெப்பேன். நீலமாவே நின்னா சக்கர இல்ல. பச்ச ஆனா கொஞ்சம். மஞ்ச ஆனா ஜாஸ்தி. செங்கல் கலருக்குப் போச்சுன்னா ஆபத்து.

மொத வாரம் செங்கல். நாலாவது வாரம் மஞ்ச. எனக்கு சிரிப்பு அடங்கல. ஈஸ்டருக்கு அப்பறம் பச்ச. மழக்காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழம கொழா கொதிக்குது, கொதிக்குது, நீலம் அப்டியே நிக்குது. நான் கத்துன கத்துல ஆறு குடித்தனமும் கொல்லைக்கு வந்துடுச்சு. அன்னிக்கே மாதாவுக்கு ரெண்டு மெழுகுவத்தி ஏத்துனேன். பக்கத்துல முட்டி போட்டு, கண்ண மூடிகினு, அந்த மகராசனும் கூடவே ஜெபம் சொன்னாரு.

மூத்திரம் வரவர தண்ணியாட்டம் தெளிஞ்சுகினே வந்துச்சு. ஒடம்பு சுத்தமாவுதுன்னு நெனச்சேன். எம் புத்திய செருப்பால அடிக்கணும். கக்கூசாண்ட எறும்பு மொய்ச்சத பாத்துட்டு, "உங்கள்ல யாருக்கோ சக்கர கீது, போயி டாக்டரம்மாவ பாருங்க"ன்னு மத்தவங்களுக்குப் புத்தி சொன்னேன். நானு!

நீலம் வந்ததுக்கு அப்பறம் கொஞ்சம் அசந்துட்டேன். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு காலத் தடவிகினு கீற?"ன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. டாக்டரம்மாவும் நான் சொன்ன கலர நம்பி அதே மாத்திரைய எழுதுனாங்க. தெனம் பாத்த கால வாரத்துக்கு ஒரு தபா பாத்தேன். அப்பறம் அதுவும் இல்ல.

கிறிஸ்மஸ் கிட்ட வூட்ல ஒரு நாத்தம். செத்த எலின்னு நெனச்சு பொட்டியெல்லாம் நகத்திப் பாத்தேன். எலி இல்ல, அவரு காலு. செருப்ப ஓரமா கழட்டி வெச்சுட்டு வேல செஞ்சப்ப ஆணி ஏறிருக்குது. மரத்துப்போன காலு, அவருக்கு வலியே தெரியல. ரெண்டு வெரலு கறுத்து, உள்ளங்கால் பூரா சீழு. ரிக்‌ஷாவுல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனேன்.

அங்க நர்ஸம்மா கட்டில்லயே மூத்திரம் புடிச்சு சோதிச்சாங்க. "செங்கல் கலர் வருதும்மா. இவ்ளோ சக்கரய வெச்சுகினு இத்தினி மாசமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"ன்னு பெரிய டாக்டர் சத்தம் போட்டாரு.

எனக்கு வந்துதே கோவம்! "யார்கிட்ட சொல்றீங்க? எங்க வூட்ல மூணு மாசமா நீலம். என் கண்ணால பாத்தது. உங்க மருந்து கெட்டுப் பூடுச்சு, வேற யாரோடதையோ மாத்தி எடுத்துட்டீங்க"ன்னு வார்டே அதிர கத்துனேன். அவரு பொய்யே சொல்ல மாட்டாருன்னு மாதா மேல சத்தியம் பண்ணேன். அங்க இருந்த நோயாளிங்க எல்லாம் எழுந்து குந்திகினு வேடிக்க பாத்தாங்க. நீயாவது சொல்லுய்யான்னு அவரு பக்கம் திரும்புனேன். அவரு செவுத்தப் பாத்துகினு இருந்தாரு.

அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு.

டாக்டரு போனப்பறம், பக்கத்துல குந்தி, "இன்னா பண்ண?"ன்னு கேட்டேன். கத்தல. கத்தற சத்து என்னாண்ட இல்ல.

"தண்ணி ஊத்துனேன்மே"ன்னாரு. கக்கூசுக்கு எடுத்துகினு போன வாளித் தண்ணி. கப்பல்ல சக்கர மூட்ட ஏத்தற வேல வந்துச்சாம். கிழிஞ்ச மூட்டையில இருந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு கை அள்ளி வாயில போட்டாங்களாம், இவரும் போட்டாராம். வுட முடியலயாம். டீயும் வெளிய நாலு ஸ்பூனோட. அவரு கூட வேல செஞ்ச அத்தினி பேருக்கும் இது தெரியும். தெரிஞ்சுகினே என் வூட்டுக்கு வந்து, சக்கர இல்லாத என் டீய வாங்கிக் குடிச்சுட்டு, "தங்கச்சி மாரி உண்டா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கானுங்க பேமானிங்க.

"செங்கல் கலரப் பாத்து நீ அழுதத என்னால தாங்க முடியல. ஒரு வாரம் லேசா தண்ணி ஊத்திப் பாத்தேன், மஞ்ச வந்துச்சு. நீ சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு, கண்ணாலம் கட்ன அன்னிக்கி கூட நீ அப்டி சிரிச்சது இல்ல. அத்த கெடுக்க மனசு வரல. ஒரேடியா ஊத்துனா நீ கண்டுபுடிச்சிடுவியேன்னு, நீ சக்கரய கொறச்சா மாரியே வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன்"ன்னாரு.

அடப்பாவி! அவரு சக்கர தின்னது கூட எனக்கு அவ்ளோ பெரிசாத் தெரியல. நாக்கு கேக்கும், மனுசன்தானே. எங்கிட்டயே வித்தைய கத்துகினு அத்த எங்கிட்டயே காட்டுனாரு பாருங்க, அது ஆறல. நான் அரை அரை ஸ்பூனா அவரு கால காப்பாத்த, அவரு சொட்டு சொட்டா என் கண்ணக் கட்டிகினே வந்துருக்காரு.

முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அண்ணனுக்கு எடுத்த அதே எடம். துறைமுக வேல போச்சு. நான் தண்டையார்பேட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல ஆயா வேலைக்குப் போனேன்.

வூட்டுக்கு வந்தப்பறம் அவரு நெஜமாவே மாறுனாரு. அத்த மறைக்க மாட்டேன். சக்கர கிட்ட போவல, சின்னக் கரண்டியால அளந்து சாப்ட்டாரு, கக்கத்துக் கட்டைய ஊணிகினு சந்து முனை வரைக்கும் தெனம் நடந்தாரு. ஞாயித்துக்கிழமையில பாட்டில குடுத்துட்டு நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன். பொண்டாட்டி போலீஸ்காரி மாரி நிக்கறான்னு அவரு ஒரு நாளும் சொல்லல. ஆறேழு மாசத்துல, என் கண்ணு முன்னாடி புடிச்ச மூத்திரத்துல, சுத்தமான நீலம் நின்னுச்சு. இந்த தபா நெஜம். எனக்கு நல்லாத் தெரியும், ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல.

அவரு கட்டையப் புடிச்சுகினு கொழாயப் பாக்காம என் மூஞ்சியவே பாத்துகினு நின்னாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கொழாயக் கழுவிக் கவுத்துட்டு, "நேரமாச்சு, பூசைக்குக் கெளம்பு"ன்னேன். அதுக்கப்பறம் ஒம்போது வருசம் இருந்தாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்டித்தான் என் மூஞ்சியப் பாத்துகினு நிப்பாரு. ஒரு நாளாவது சிரிச்சிருக்கலாம். நான் சிரிக்கல.