அப்பாவின் ஆளும் என் கருந்துளைகளும்

என் அப்பா ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு ஈர்ப்பு விசையைப் பாடம் நடத்தியவர். அவருக்கு மகளாகப் பிறந்து நான் எடுத்துக்கொண்ட ஆய்வோ, அவர் வேதமாக நம்பும் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கொள்கை தவறாக இருக்குமோ என்று சோதிப்பது. வீட்டில் நிம்மதி எப்படி இருக்கும்?

வேலை இதுதான். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே நெருங்கி, கடைசியில் மோதும். பொதுச் சார்பியல் சொல்வதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே நெருங்கும் என்கின்றன சில மாற்றுக் கொள்கைகள். அப்படியானால் அவை எழுப்பும் ஈர்ப்பலை எப்படி இருக்கும் என்று கணினியில் உருவாக்கி, கருவிகள் பிடித்த அலையோடு பொருத்திப் பார்ப்பேன். முடிவில், பொதுச் சார்பியலிலிருந்து எவ்வளவு விலகல் என்று ஒரு எண் கிடைக்கும். பூஜ்யம் என்றால் பழைய கொள்கையே சரி. வருடக்கணக்காக எனக்குப் பூஜ்யம்தான்.

ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் அப்பா ஆயக்குடிக் கொய்யா வாங்கி வருவார். சார்பியலைத் தந்த மேதை அவருக்கு "எங்காளு".

"என்னம்மா, எங்காளு அசையலையாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி, தோற்றவளுக்கும் ஒரு தட்டு நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா என் ஆய்வுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினால், பக்கத்திலேயே இவர் இன்னொன்று ஏற்றுவார். மாதா யார் பக்கம் சாய்வாள், பாவம்.

ஒரு நாள் காலையில் எண் பூஜ்யத்தை விட்டு நன்றாக விலகி நின்றது. இது மட்டும் உண்மையானால் என் ஆய்வேடு என்ன, என் வாழ்க்கையே வேறு. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். கேலி வரவில்லை.

"சரிபாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். ஊற்றிய செடிக்கே திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றுக் கொள்கையின் விளைவை முழுதாக அணைத்துவிட்டுக் கணினியில் ஓட்டினால், பழைய கொள்கையின் அலை அப்படியே திரும்பி வர வேண்டும். ஓட்டினேன். வரவில்லை. பழைய கொள்கையின் நுண்ணிய திருத்தங்களில் ஒன்றை என் மாதிரியில் சேர்க்காமலே விட்டிருக்கிறேன். சேர்த்ததும் எண் சமர்த்தாகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அழுகை வந்தது. அதைவிட, அப்பாவின் வெற்றிச் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றிருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன்.

"உங்காளு ஜெயிச்சுட்டாருப்பா."

அவர் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"அந்தாளு கெடக்காரு, விடு. செத்த நேரம் படுத்துட்டு, இன்னொரு தடவ ஓட்டிப் பாரும்மா. நாம வேற எதையாச்சும் விட்டிருப்போம்."