கோழியம்மாவின் பட்டினிச் செல்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கோழியம்மா என்று கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்புவாள். இன்குபேட்டர் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாளானால் எழுந்திருக்கவே மாட்டாள். அடைகாக்கிற கோழிகூட நடுவில் இரை பொறுக்க இறங்கும். உள்ளே முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் தட்டுத் தட்டாகத் தோல் செல்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் "கண்ணுங்களா, சாப்டீங்களா?" என்று கேட்பாள். நான் பக்கத்து அறைக்காரி, எலும்புச் செல் வளர்ப்பவள். எங்கள் அறையில் யாரும் எதையும் அப்படிக் கொஞ்சுவதில்லை.

அந்தக் கேள்விக்கு ஆறு மாதமாகப் பதில் வரவில்லை. தோலில் நிறமியைச் செய்கிற செல் வேறு, வைத்துக்கொள்கிற செல் வேறு. செய்கிற செல் அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும்; அக்கம்பக்கத்துச் செல்கள் வாங்கி விழுங்கும். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் செய்கிற செல்கள் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். பொட்டலம் எவ்வளவு பெரிசு, விழுங்கியவை அதை எப்படிப் பரப்பி எத்தனை நாள் வைத்திருக்கின்றன என்பதில்தான் நிறமே இருக்கிறது. விழுங்குவதைத் தட்டில் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் இவள் வேலை. இவளும் பொட்டலங்களைத் தூவுவாள். தட்டிலிருக்கிற செல்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கழுவினால் மொத்தமும் தண்ணீரோடு போய்விடும்.

துறைத் தலைவி மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள இதுங்க சாப்பிடலன்னா, இன்குபேட்டரைப் பக்கத்து ரூமுக்குக் குடுத்துடலாம். நீங்க ஸ்டோருக்குப் போயிடுங்க."

பக்கத்து ரூம் என்றால் நான்தான். வரப்போகிற பெட்டிக்கு மூலையில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன், வெட்கம் கெட்டவள்.

கோழியம்மாவோ செல்களை இன்னும் தாங்கு தாங்கென்று தாங்கினாள். தட்டில் ஒட்டிக்கிடக்கும் செல்களைப் பெயர்த்தெடுக்க ஒரு மருந்து விடுவோம். பெயர்ந்ததும் அதை அடக்க, சோயாவிலிருந்து எடுத்த இன்னொரு மருந்து. ஒரு பங்கு போதும். இவள் இரண்டு பங்கு விடுவாள். பிறகு இயந்திரத்தில் சுழற்றி, அந்த மருந்தை அலசிக் கொட்ட வேண்டும்.

"சுத்தினா குழந்தைங்களுக்குத் தலை சுத்தும்டி" என்று சொல்லி அலசாமலே தட்டில் விட்டுவிடுவாள். நானும் சிரித்ததோடு சரி.

புதன்கிழமை சாயங்காலம், துக்கம் விசாரிக்கிற மாதிரி அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் தங்கை. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. அக்காவும் தங்கையும் ஒரே அச்சு, ஒரே பளபளக்கும் கறுப்பு. தங்கைக்கு மட்டும் அதில் தீராத மனக்குறை.

"என்னடி இது கோலம்?" என்றாள் உள்ளேயிருந்து வந்த கோழியம்மா.

"பச்சை சோயாவ ஊறவெச்சு அரைச்ச பால்க்கா. கறுப்பு தோலுக்குள்ள போகவிடாம தடுக்குமாம். ஒரு மாசமாப் போடுறேன்."

"எத எது தடுக்கும்? இன்னொரு தடவ சொல்லு!"

தங்கை பயந்துபோய் இன்னொரு தடவை சொன்னாள். அடுத்த நொடி கோழியம்மா அவள் கன்னம் இரண்டையும் பிடித்து மாறி மாறி முத்தம் கொடுத்தாள். கோழியம்மாவின் மூக்கு, புருவம் எல்லாம் சோயா.

"நான்தான்டி வாயப் பொத்திட்டேன்! ஆறு மாசமா! அதுவும் டபுளா!"

விஷயம் இதுதான். அந்த சோயா மருந்து பெயர்க்கிற மருந்தை மட்டும் அடக்கவில்லை; செல்லுக்கு 'விழுங்கு' என்று போகிற தூண்டுதலையும் சேர்த்தே அடக்கியிருக்கிறது. ஒரு கையால் சோறு போட்டு, மறு கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள் பாசக்காரி. எனக்குச் சிரிப்பு தாங்காமல் விக்கல் எடுத்துவிட்டது.

வியாழன் காலை புதுச் செல்களைச் சுழற்றி மூன்று தடவை அலசித் தட்டில் விட்டு, பிறகு பொட்டலங்களைத் தூவினாள். வெள்ளிக்கிழமை மாலை தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். தட்டைக் கழுவிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்; செல்லுக்குள்ளெல்லாம் பொட்டலம். எழுந்தாள், பக்கத்தில் காத்து நின்ற மேடத்தின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மேடமும் சுற்றினார், செருப்பு ஒரு பக்கம் பறந்தது.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். நீங்களும்தான்" என்றார் மூச்சு வாங்க. என் மூலை காலியாகவே போயிற்று. நானும் கைதட்டினேன், எனக்கே ஆச்சரியம்.

அதற்குள் தங்கை முக்காலியில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டாள். "நடுவுல ஒரு உருண்டை தெரியுதே, அதுக்கு மேல மட்டும் ஏன்க்கா பொட்டலமெல்லாம் குவிஞ்சு கெடக்கு?"

"அதான் செல்லோட கரு. வெயில் பட்டாக் கெட்டுப்போகும். அதுக்குக் குடை புடிக்குதுங்க."

தங்கை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ ஒரு மாசமா என் குடையெல்லாம் நானே புடுங்கிட்டு இருந்தேனா?"

"உன் குடைங்க அவ்வளவு சீக்கிரம் போகாதுடி." கோழியம்மா அவள் தலையைக் கலைத்துவிட்டாள். "எந்திரி, நான் பாக்கணும்."

தங்கை எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் கோழியம்மா பின்னால் நின்றபடி, பழக்கத்தில் கேட்டாள்: "கண்ணுங்களா, சாப்டீங்களா?"

கண்ணை எடுக்காமல் தங்கைதான் பதில் சொன்னாள். "வயிறு முட்ட சாப்பிட்டிருக்குங்கக்கா. நம்ம கலர்லயே!"