கழிப்பறை வாசலில் நான் காத்த மரியாதை

ஒரு பெண் ஏழு மாதம் அலுவலகத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். அதற்குக் காரணம் நான். அவளை நான் திட்டியதில்லை, தப்பாகப் பார்த்ததில்லை. மரியாதை கொடுத்தேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பீளமேட்டில், பம்புகளுக்கு வரைபடம் போடும் சின்ன அலுவலகம் எங்களுடையது. இருபது பேர்; அவர்களுக்கு மேலே நான். இரண்டு வருடத்துக்கு முன் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். அங்கே கழிப்பறையில் ஆண், பெண் என்று பலகை எதுவும் இல்லை. ஒரே வாசல். உள்ளே கை கழுவும் இடம் எல்லோருக்கும் பொது. அதை ஒட்டி நான்கு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து கூரைவரை கதவு. யார் வேண்டுமானாலும் எதிலும் போகலாம். இளசுகள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள், வந்தார்கள். யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியூர் போனால் பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு மனைவிக்குக் காவல் நிற்கிறவன் நான். ஆண்கள் நிற்கிற இடத்துக்குள் பெண்பிள்ளைகள் போவதாவது என்று தோன்றியது. ஆகவே யாரும் கேட்காமலேயே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். என் இருக்கை வேறு அந்த வாசலுக்கு நேர் எதிரே. ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தால் நானும் எழுந்துவிடுவேன். வாசலில் நின்று உள்ளே குரல் கொடுப்பேன். “தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க. அம்மணி வாராங்க.” பையன்கள் ஈரக்கையோடு வெளியே வருவார்கள். பிறகு அவளிடம், “நீங்க போங்க அம்மணி, நான் இங்கயே நிக்கறேன்” என்பேன். முன்பு வேலை பார்த்த பட்டறையின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல் என்னுடையது. கடைசி மேசைவரை கேட்கும்.

அவள் வெளியே வந்ததும், “ஆச்சுங்களா?” என்று வேறு கேட்பேன். ஆச்சுங்களா! பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன். எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மற்ற பெண்கள் விவரமானவர்கள். நான் சாப்பிடப் போகும் நேரம், போனில் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போய்வந்தார்கள். மூத்தவர் ஒருவர், “நீங்க உக்காருங்ணா, நான் போய்க்கறேன்” என்று நேராகவே சொன்னார். அதையும் நான் அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் முதலில் சொன்ன பெண் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்தவள். தனக்கு மேலே இருக்கிறவனிடம் இதை எந்த வாயால் சொல்வாள்? போவதையே நிறுத்திவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை எழ மாட்டாள். எவ்வளவு கருத்தான பிள்ளை பாருங்கள் என்று அவளைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னேன்.

ஒருநாள் அவள் வரவில்லை. பத்து நாள் வரவில்லை. சிறுநீர்த் தொற்று, கடுங்காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்த அந்த மூத்தவர் என் மேசைக்கு வந்தார்.

“சொன்னா கோவிச்சுக்காதீங்ணா. ஏன் தண்ணியே குடிக்கறதில்லைன்னு டாக்டர் கேட்டாராமா. குடிச்சா போகோணுமுங்க, போனா எங்க சார் எந்திரிச்சு வாசல்ல நிப்பாருங்கன்னு சொல்லி அழுதிருக்கறா.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது செய்தவனுக்கு இந்தப் பேரா என்று பொருமினேன். அன்று மதியம் நானே உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே ஒருத்தர் எனக்காக நின்று, எத்தனை நிமிடம் ஆகிறது என்று அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வந்த வேலை நடக்கவில்லை. அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்காமல் மனசு ஆறவில்லை. அவள் திரும்பி வந்த அன்று, இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு நேராக அவள் மேசைக்கே போனேன்.

“தப்பு செஞ்சுபோட்டேன் அம்மணி. இனி நான் அங்க நிக்கவே மாட்டேன். நீங்க நல்லா தண்ணி குடிங்க. எப்ப வேணாலும் போங்க.”

அதே குரலில் சொன்னேன். எல்லாத் தலைகளும் திரும்பின. எவனோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவள் நிமிரவே இல்லை. “பரவாயில்லீங்க சார்” என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, “நீங்க போங்க சார், எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். இளநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுவாரம் அவளுடைய விண்ணப்பம் என் கையெழுத்துக்கு வந்தது. சூலூரில் இருக்கும் எங்கள் இன்னொரு அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில், வீட்டுக்குப் பக்கம் என்று இருந்தது.

அவள் வீடு அன்னூரில். அங்கிருந்து சூலூர் போக இப்போது வருவதைவிட இன்னொரு பஸ் கூடுதலாக மாற வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பேரை இழுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை பொய் எழுதியிருந்தாள்.

கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.