நான் திறந்து பார்க்காத கதவு

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அப்பா எழுதுவது.

நம் வாசலில் நிற்கும் வீட்டு வண்டியைப் பற்றிப் பரவை ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஓசூரில் நடந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு மாதம் உங்கள் அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது தெரியாது. "பிள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க, ஒண்ணையும் மறைக்காம எழுதுங்க" என்று அவள்தான் சொன்னாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அம்மாவுக்குக் கேன்சருக்கான கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவளால் சிறுநீரை அடக்க முடியவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போகவேண்டும். சில நாள் அதுவும் தாங்காது. பெரியவளே, உனக்குக் கல்யாணம் முடிந்து ஓசூர் போன பிறகு ஒரு தரம் உன்னைப் பார்க்கக் கிளம்பினோம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். பரவையைக் கூடத் தாண்டவில்லை, அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறும்போதே இதெல்லாம் முடிச்சுட்டு வரமாட்டீங்களா? இது என்ன உங்க சொந்த ஆட்டோவா?" என்றார் கண்டக்டர், கடைசி சீட்டு வரை கேட்கிற மாதிரி.

ஒரு கருவேல மறைவுக்குப் போய்விட்டு வந்தவள் திரும்பவும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றாள். பையை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தோம். அன்றைக்கு நான் அவளிடம் சொன்னது இதுதான்: "இத யார்கிட்டயும் சொல்லாத. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பிள்ளையத்தான் பேசுவாங்க. கேட்டா மூட்டு வலின்னு சொல்லு." சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு மரியாதை என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். உங்கள் இரண்டு பேரிடமும் மூட்டு வலி என்று சொன்னது நான் கட்டிய பொய். அவள் கட்டியதில்லை.

அந்தப் பொய் என்ன செய்தது என்று உனக்கே தெரியும், பெரியவளே. குழந்தைக்குக் காது குத்த நாள் வைத்துவிட்டு நீ போன் பண்ணினாய். "மூட்டு வலின்னா தைலத்தத் தேச்சுக்கிட்டு வரமாட்டாங்களா? எங்க அத்தை தினமும் கேக்குறாங்க, உங்கம்மாவுக்கு எங்க வீட்டுப் படி ஏறுறது கவுரவக் குறைச்சலான்னு. இதுக்கும் வரலைன்னா எனக்கு அம்மா இல்லைன்னு நெனச்சுக்கிறேன்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த காயையும் நாரையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம்தான் மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது என் சேக்காளி மெக்கானிக் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னான். "மாப்ள, நாகமலை புதுக்கோட்டையில ஒரு கேரவன் நிக்கிது. சினிமாக்காரங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு காண்ட்ராக்டர் ஆசையா கட்டுனது. ஒருத்தன் கூப்பிடலை. வருசக்கணக்கா நின்ன எடத்துலயே நிக்கிது. உள்ளயே கட்டிலு, அடுப்பு, கக்கூஸு, சகலமும் இருக்காம்."

அம்மாவிடம் வந்து சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "எஞ்சினு கெடக்கட்டும். மொதல்ல அதப் பாருங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக்கும் நானும் போனோம். காண்ட்ராக்டர் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் வண்டி தெற்கே பார்த்து நின்றது. நான்கு டயரும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. முருங்கைக் கிளை ஒன்று பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கதவிடுக்கில் குளவிக் கூடு. முன்பக்கம் மட்டும், ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்த வண்டிக்கு நடந்த பராமரிப்பு அவ்வளவுதான்.

காண்ட்ராக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட அவர் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரும். எழுந்திருக்கவில்லை.

"பாக்குறதுன்னா பாருங்க. சும்மா எறங்கி ஏறி பொழுது போக்குறதுக்கு இது பொருட்காட்சி இல்ல" என்றார்.

எனக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நான் டிரைவர் இல்லையா, ஒரு வண்டியை எப்படிப் பார்ப்பது என்று இவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அடியில் படுத்துச் சேஸைத் தட்டிப் பார்த்தேன். மெக்கானிக் கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, புது டீசல் ஊற்றி, அரை மணி நேரம் போராடி எஞ்சினைக் கிளப்பினோம். கரும்புகை கிளம்பி நாற்காலிக்காரர்கள் மேல் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு உள்ளே ஏறினேன். கட்டில் இருந்தது. அடுப்பு இருந்தது. பின் மூலையில் ஒரு சின்னக் கதவு பூட்டியிருந்தது. அதன் மேல் கை வைத்தேன்.

"யாருக்குத் தம்பி வண்டி? டூர் ஓட்டவா?" என்று காண்ட்ராக்டர் வெளியே இருந்து கேட்டார். மற்ற மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யலாம்னு இருக்கேண்ணே. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக வர" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்படி வழுவழுவென்று வந்தது.

"அப்பச் சரி. அந்த ரூம்பு சாமான் போட்டுக்க நல்லாருக்கும். சாவி வீட்டுல எங்கயோ கெடக்கு, தேடித் தாரேன்."

மெக்கானிக் என் காதருகே வந்து, "மாப்ள, அதையும் தொறந்து பாத்துருவோம்டா" என்றான்.

"அதுல என்னத்தப் பாக்க? வாடா இங்கிட்டு" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். கதவைத் திறக்கச் சொன்னால், சமையல்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லவேண்டும். பெண்டாட்டிக்கு அடக்க முடியாது என்று நான்கு ஆம்பிளைகள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலை பேசி முடித்தேன். இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் செத்துப்போன வண்டி என்பதால் கட்டி இழுத்துக்கொண்டுதான் வந்தோம்.

வாசலில் வண்டி நின்றதும் அம்மா வாளி, பினாயில், புது மக்கோடு ஏறினாள். மற்ற சாவிகளோடு அந்தச் சாவியும் வந்திருந்தது. திறந்தாள்.

உள்ளே நீலப் பளிங்குக் கல் பதித்த மேடை. மேலே சாமி படம் மூன்று, ஒரு பித்தளை மணி, சின்ன விளக்கு, ஊதுபத்திச் சாம்பல். கழிப்பறைக் கோப்பை இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு நிரவியிருந்தார்கள். அந்த வண்டியிலேயே துடைத்து வைத்ததுபோல் இருந்த இடம் அதுதான்.

"என்ன இது?" என்றாள் அம்மா.

நான் எட்டிப் பார்த்தேன்.

"நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"அவன் ஏமாத்திட்டான்" என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்.

"கெளம்புங்க. நானும் வாரேன்."

லோடு வண்டியில் போனோம். வழியில் தெரிந்தவர் பெட்ரோல் பங்கில் ஒருமுறை நிறுத்தினேன். நாற்காலிகள் அதே இடத்தில் இருந்தன, அதே ஆட்கள். இறங்கியதும் நான் சத்தம் போட்டேன். "கக்கூஸ் இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? சிமெண்டு போட்டு அடைச்சு வச்சிருக்கீங்களே, மனுசனாய்யா நீ?"

அவர் மெதுவாக எழுந்தார். "யோவ், மரியாதையாப் பேசு. வண்டி கட்டுன நாள்ல இருந்து ஒரு வாடகை வரலை. ஜோசியரக் கூட்டியாந்து காட்டுனேன். ஈசானிய மூலையில கக்கூஸ் இருந்தா எப்படிய்யா வெளங்கும்னாரு. அடைச்சு, சாமி படம் வச்சோம். இதுல என்ன குத்தம்?"

"ஓடுற வண்டிக்கு ஏதுங்க ஈசானிய மூலை?" என்றாள் அம்மா. "திருப்பி நிறுத்தியிருந்தா அதுவும் திரும்பியிருக்குமே!"

பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சிரித்துவிட்டார். காண்ட்ராக்டருக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம் புருசன் என்ன சொல்லி வாங்குனான்னு கேளும்மா. சமையலுக்குன்னான். சாமான் ரூம்புன்னு சொன்னேன், மண்டைய மண்டைய ஆட்டுனான். கூட வந்தவன் தொறந்து பாக்கலாம்னதுக்கு அவனையே ஏசுனான். சமையல் வண்டியில கக்கூஸ் எதுக்குய்யா? அதுல என்னத்த ஆக்கப் போற?"

மருமகன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத வேண்டியதில்லை, சின்னவனே, நீ பரீட்சையில் காப்பி அடித்து மாட்டியபோது உன்னைப் பார்த்தாளே, அதைவிடப் பத்து மடங்கு.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குரலைக் கூடக் கூட்டவில்லை. "எனக்கு ஆபரேஷன் பண்ணி, கரண்டு வச்சு, மூத்திரம் நிக்காமப் போச்சு. எம் மக ஊருக்கு நான் போகணும். அதுக்குத்தான் வண்டி. இவருக்கு அதச் சொல்ல வெக்கம். நோவு எனக்கு, வெக்கம் இவருக்கு. இப்பச் சொல்லிட்டேன். கக்கூஸுக்கு அடியில இருந்த தொட்டி எங்க?"

சிரிப்பு நின்றது. ஆனால் காண்ட்ராக்டர் இறங்கி வரவில்லை. "சீக்காளிக்கு வண்டின்னு மொதல்லயே தெரிஞ்சா நான் வித்தே இருக்கமாட்டேன். சாமி இருந்த எடத்த இடிச்சா வர்ற பாவம் உங்களுக்குத்தான்" என்றார்.

அவர் சம்சாரம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுதான் குறுக்கே வந்தது. "தொட்டி கொல்லையில வாழைக்குத் தண்ணி புடிச்சு வச்சிருக்கு. கவுத்து எடுத்துட்டுப் போங்க. படத்த மட்டும் எங்கிட்ட கொண்டாந்து குடுத்துருங்கம்மா. நீங்க இடிங்க."

தொட்டியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பரவை நெருங்கும்போது ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள். "பஸ்ஸுல அந்த ஆளு திட்டுனான். அதுகூட எனக்கு மறந்துபோச்சு. நீங்க என்னைய ஒளிச்சு வச்சிருக்கீங்க." அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் படங்களை மஞ்சள் துணியில் சுற்றி, மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு சிமெண்டை உடைக்கத் தொடங்கினோம். அடியில் இரும்புத் தகடு என்பதால் சம்மட்டி போட முடியாது. உளியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தவேண்டும். கை கொப்பளித்தது. அம்மா வாசலில் வந்து நிற்பாள். என்னிடம் சொல்ல வேண்டியதை மெக்கானிக்கிடம் சொல்வாள். "சோறு ஆறுதுன்னு சொல்லுங்கண்ணே." "எஃப்சிக்கு நாளைக்குப் போகணும்னு சொல்லுங்கண்ணே."

"மாப்ள, நான் என்ன உங்க வீட்டு மைக்கா?" என்று அவன் ஒருநாள் கத்தினான். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

புதுக் கோப்பை பதித்து, தொட்டியை அடியில் தொங்கவிட்டு, பேப்பர் எல்லாம் சரி செய்து, காதுகுத்துக்கு முந்தின நாள் விடியக் கிளம்பினோம். நான் முன்னால், அவள் பின்னால். திண்டுக்கல் தாண்டும் வரை எனக்கு உயிரில்லை. அந்தச் சின்னக் கதவு திறப்பதும் மூடுவதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் தட்டவில்லை. கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் போயின. நான் கண்ணாடியில் பார்த்தபோது கட்டிலில் காலை நீட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஓசூரில் நீ வாசலுக்கு வந்தாய், பெரியவளே. அம்மாவைப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். சம்பந்தியம்மா வண்டியைச் சுற்றி வந்து, "மூட்டு வலிக்கு இவ்வளவு பெரிய வண்டியா? நல்ல வசதிதான்" என்றார்கள். சின்னவன் சென்னையில் இருந்து அப்போதுதான் வந்து பையோடு நின்றான். உன்னைத் தவிர எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். அம்மா சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். தானே சொல்லப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

"மூட்டு வலி இல்லீங்க" என்றேன். "அவளுக்கு மூத்திரத்த அடக்க முடியாது. அதான் இத்தன நாளா வரலை. அவ வரமாட்டேன்னு சொல்லலை. நான்தான் வெளிய சொல்லவிடலை."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க அங்க வந்திருப்போமே" என்று சம்பந்தி கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயம். நீ உள் அறையில் இருந்து ஓடிவந்து என்னைத் திட்டியதும் நியாயம். "என்னைய அம்மாவ ஏச வச்சுட்டியேப்பா" என்றாய்.

மறுநாள் காலையில் நாதஸ்வரம் வந்துவிட்டது. சின்னவன் குழந்தையை மடியில் வைக்க வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் அழுக்குச் சட்டையோடு தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். உங்கள் அம்மா என் பக்கத்தில் வந்தாள். மெக்கானிக் அங்கே இல்லை, வேறு யாரும் இல்லை.

"காது குத்தத் தட்டான் வந்துட்டாரு. வண்டியில பை இருக்கு, போயிச் சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாள்.