நான் போகாத மக்கா

பேய், ஆவி என்று யார் கதைத்தாலும் "நேரில் கண்டது யார்?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துப் பழகியவன் நான். மட்டக்களப்பில் பதினொரு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன். நீங்களும் என்னிடம் அதையே கேட்பீர்கள். கேளுங்கள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, கனடாவில், மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் இருந்தேன். பகலில் பெட்டி அடுக்கும் வேலை. மிச்ச நேரத்தில், முஸ்லிம் அல்லாதவர் போகக்கூடாத மக்காவுக்குள் முஸ்லிம் வேடமிட்டு நுழைந்த பழைய ஐரோப்பியப் பயணிகளைப் பற்றித் தமிழ் வார இதழ் ஒன்றுக்குத் தொடர் எழுதினேன். பெயரை மாற்றி, தொழப் பழகி, துண்டுக் காகிதத்தில் ஒளித்துக் குறிப்பெடுத்தவர்கள். எழுத எழுத எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் போக வேண்டும்.

மேல்மாடியில் குடியிருந்த காத்தான்குடி ஹனிபா நானா ஹஜ்ஜுக்குப் புறப்பட இருந்தார். நான் மதம் மாறிவிட்டதாகப் பள்ளிவாசலில் சொல்லி, விசாவுக்கு ஒரு கடிதம் எடுத்துத் தரும்படி அவரிடம் கேட்டேன்.

"வெள்ளைக்காரனே போய் வந்திருக்கான் நானா."

"அவன் தொழவா போனான்? அளக்கப் போனான். நீங்க தொழ முந்தி முழங்கை நனையாம கழுவி ஒழு எடுத்து முதல் நாளே புடிபடுவீங்க." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இந்தக் களவு வேல செய்யமாட்டன் எண்டு வாக்குத் தாங்க தம்பி."

கொடுத்தேன். இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதர் அவர்.

அவர் போயிருந்த நாட்களில் நான் ஒருநாளும் வேலை தவறவில்லை. ஆனால், நம்பினால் நம்புங்கள், கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்தன. சாப்பாட்டு இடைவேளையில் வாகனத் தரிப்பிடத்துப் பனியில் வட்டமாக நடந்துகொண்டே இருந்தேன், கூட வேலை செய்தவர்கள் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வந்தவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"கஃபாவச் சுத்தக்குள்ள எனக்கு முன்னால போனீங்க. கூப்பிட்டன். திரும்பிப் பாத்திட்டுப் போனீங்க. வாக்குத் தந்தீங்கதானே தம்பி?"

ஓடிப்போய்க் கடவுச்சீட்டையும் வேலை நேர அட்டையையும் எடுத்துவந்து காட்டினேன். ஒரு முத்திரைகூட இல்லை. புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இதச் சொல்லுங்க. உங்கட வலது தோள்ல, பின்பக்கம், தையல் தழும்பு இருக்கா?"

கஃபாவைச் சுற்றும்போது ஆண்கள் வலது தோளைத் திறந்துவிடுவது வழக்கம். மொன்றியலில் என்னைச் சட்டையில்லாமல் அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"ஓம் நானா. எட்டுத் தையல்."

"ஒன்பது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து எண்ணினேன். சிறு வயதிலிருந்தே எட்டு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஒன்பது இருந்தது.