ஆடிய பின்சக்கரம்

என் மனைவிக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்தபோது, மருத்துவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது. எங்கள் நிலமோ முழுக்க மேடும் பள்ளமும்தான். கோத்தா திங்கிக்கு வெளியே, ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கும் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டம். வீடு மேலே இருக்கிறது. வேலையெல்லாம் கீழே.

நான் இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன். அந்த நாலு ஏக்கரை நான் வாங்கினேன் என்றாலும் அதை நடத்தியது அவள்தான். எந்த மரம் காய்க்கிறது, எது ஏமாற்றுகிறது, எந்த வரிசையில் எலி வந்திருக்கிறது எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு மாதம் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் ஒரு பழைய ஏ.டி.வி. வாங்கிக் கொடுத்தேன். நாலு தடித்த சக்கரம், மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, பின்னால் சாமான் வைக்க ஓர் இரும்புத் தட்டு. ஒரே வாரத்தில் அவள் என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. தினமும் சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சும் மெஷினை எடுத்து, சக்கரம், செயின், அடிப்பாகம் என்று ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவி நிறுத்துவேன். பக்கத்து நிலத்து மலாய்க்காரர் அதைப் பார்த்து, "புதுசு மாதிரி வெச்சிருக்கீங்க" என்று சொன்னதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் அவள் வந்து சொன்னாள்: "என்னங்க, திருப்பும்போது பின்னால கரகரன்னு சத்தம் வருது."

"செயின்தான். எண்ணெய் போட்டா போயிடும்."

எண்ணெய் போட்டேன். அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். செயினை இறுக்கினேன். மூன்றாவது முறை அவள், "செயின் சத்தம் இல்லங்க, இது வேற" என்றபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "நான் பார்க்காத மெஷினா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். காலையில் இரண்டு மூட்டை உரத்தை ஏற்றிக்கொண்டு கீழே போனாள். நான் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

"கொஞ்சம் கீழ வாங்க. ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்."

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வாங்க."

அந்தச் சரிவை நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பாலம் என்றால் இரண்டு தடித்த பலகைதான், கைப்பிடி கிடையாது. அதற்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றிருந்தது. அவள் பின் தட்டில் இருந்த உர மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பின்னால ஆட்டம் குடுத்துச்சு. கருகின வாடை வேற. இறங்கி ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. அதான் பாலத்துல ஏத்தல."

நான் பின்சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. செயினுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பின் அச்சைத் தாங்கும் பேரிங் போய்விட்டிருந்தது. பலகையைப் பார்த்தேன், கீழே ஓடையைப் பார்த்தேன், பிறகு அவள் முட்டியைப் பார்த்தேன். "மூட்டைய இறக்கிடுவோமா?" என்று அவள் கேட்டாள்.

பக்கத்து நிலத்துக்காரர் தன் பிக்கப்பில் கயிறு கட்டி, வண்டியை மெதுவாக மேலே இழுத்துக் கொடுத்தார். கொட்டகையில் ஜாக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து வேலையை ஆரம்பித்தேன். அவள் ஸ்டூலைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்தாள். சக்கரங்கள் கழன்றன. செயின் கழன்றது. அச்சில் ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருந்த இரண்டு பெரிய நட்டுகள்தான் உயிரை எடுத்தன. சூடு காட்டி, நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்ட பிறகு இளகின.

அதன் பிறகு அச்சு தானாக வெளியே வர வேண்டும். வரவில்லை. நுனியில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அரை மணி நேரம் அடித்தேன். சட்டை முழுக்க வேர்வை.

"ஏங்க," என்றாள். "இந்த பிரேக் தட்டைக் கவ்விக்கிட்டு இருக்கே ஒண்ணு, அதக் கழட்ட வேணாமா?"

குனிந்து பார்த்தேன். பிரேக் காலிப்பரை நான் கழற்றவே இல்லை. அச்சோடு சேர்ந்து வர வேண்டிய தட்டை அது இறுகப் பிடித்திருந்தது. முப்பது நிமிடமாக நான் என் பிரேக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். நாலாவது அடியில் அச்சு வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

பேரிங்கிலிருந்து கிரீஸ் வரவில்லை. செங்காவிச் சேறுதான் வந்தது. உள்ளே உருள வேண்டிய குண்டுகள் துருப்பிடித்து நின்றுபோக, பேரிங்கின் உள்வளையம் அச்சின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அது உட்கார்ந்த இடத்தில் இரும்பை அராவி, விரல் நகம் முழுதாக இறங்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. உர மூட்டைகளோடு பாலத்தில் ஏறியிருந்தால் அச்சு அங்கேயே முறிந்திருக்கலாம்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சேற்றில் ஓடியதால் மட்டும் அவ்வளவு போகாது. தினமும் சாயங்காலம் நான்தான், மெஷினின் மூக்கை ரப்பர் சீலுக்கு நேராகப் பிடித்து, வேகமாகப் பீய்ச்சி உள்ளே ஏற்றியிருக்கிறேன்.

அச்சைத் துணியில் சுற்றி மூலையில் சாய்த்தேன். அவள் தேநீர் போட உள்ளே போயிருந்தாள். பள்ளத்தை அவளுக்குக் காட்ட வேண்டாம், பழைய வண்டி, தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன். அவள் இரண்டு கோப்பைகளோடு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வருவதைக் கண்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. துணியைப் பிரித்து, அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"நான் தண்ணி அடிச்சு அடிச்சுக் கெடுத்தது. நீ சொன்னப்பவே தூக்கிப் பார்த்திருக்கணும்."

அவள் விரலால் பள்ளத்தை ஒரு சுற்றுத் தடவினாள்.

"மூணு தடவ சொன்னேன்."

"ஆமா."

"நாலாவது தடவயும் சொல்லியிருக்கணும் நானு. கோபத்துல விட்டுட்டேன்." தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடும், குடிங்க."

மறுநாள் அச்சையும், பேரிங்குகள் உட்காரும் அலுமினியக் கூட்டையும் தூக்கிக்கொண்டு கோத்தா திங்கி டவுனில் வண்டி பழுதுபார்க்கும் சீனர் கடைக்குப் போனேன். கடை முதலாளியான தவுக்கே அச்சைக் கையில் வாங்கியதுமே, "சுடா மாக்கான்" என்றார். தின்றுவிட்டது என்று அர்த்தம். தேய்ந்த எதையும் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் அப்படித்தான் சொல்வார்கள். புது அச்சு பத்து பாகாட் ஊரில் ஒருவரிடம் இருக்கிறது, நாலு நாளில் வரவழைக்கலாம் என்றார். எனக்குப் பயம் கூட்டைப் பற்றித்தான். அதுவும் தேய்ந்திருந்தால் இந்த மாடலுக்கு வேறு கூடு கிடைக்காது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். கூடு இல்லையென்றால் வண்டி இல்லை. அவள் மறுபடி வாசலில் நாற்காலி போட வேண்டியதுதான்.

தவுக்கே கூட்டைத் துடைத்து, அளவு பார்க்கும் கருவியை உள்ளே விட்டு மூன்று பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போலே பாக்காய்," என்றார். பயன்படுத்தலாம்.

நான் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்.

அந்த நாலு நாளும் மழை. அவள் ஜன்னலோரம் நின்று, "ஓரத்து வாய்க்கால் அடைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது.

அச்சு வந்த அன்று காலையில் புது பேரிங்குகளை மூன்று மணி நேரம் ஃபிரீசரில் வைத்தேன். குளிர்ந்தால் கொஞ்சம் சுருங்கும். கூட்டைச் சூடாக்கினால் கொஞ்சம் விரியும். அவள் ஃபிரீசரைத் திறந்து, "கெம்போங் மீனுக்குப் பக்கத்துல இது என்ன?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் பெரிய சட்டியில் அவளே தண்ணீர் கொதிக்க வைத்தாள். கூட்டை அதில் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, பேரிங்கை நேராக வைத்தேன். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை அதன் மேல் வைத்து இரண்டு தட்டு. அடிமட்டத்தைத் தொட்டபோது சத்தம் மாறியது. நடுக்குழாயைப் போட்டு மறுபக்கத்தையும் இறக்கினேன். கிரீஸ், புது சீல்கள், அச்சு, நட்டுகள். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, கழற்றும்போது அவள் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். காலிப்பரைக் கேட்காமலேயே நீட்டினாள்.

சக்கரத்தை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவளும் அசைத்துப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு."

முதலில் நான் பாலம் வரை போய் வந்தேன். இறங்கி நடுவில் தொட்டேன். கை தாங்கும் வெதுவெதுப்புதான் இருந்தது. பிறகு அவள் ஏறினாள். சரிவில் இறங்கி மரங்களுக்குள் மறைந்தாள். இஞ்சின் சத்தம் பலகையைத் தாண்டுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கால் மணி நேரம் பொறுத்தேன். கைப்பேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இருபது நிமிடம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். பாதிச் சரிவில் இஞ்சின் சத்தம் கேட்டது. ஏறி வந்துகொண்டிருந்தாள். இரும்புத் தட்டில் ஓடையோரம் முளைக்கும் சுருள் கீரை ஒரு கட்டு. கை இரண்டும் முழங்கை வரை சேறு.

"எங்க போன? எடுக்கவே இல்ல?"

"வாய்க்கால் அடைப்ப எடுத்தேன். கையெல்லாம் சேறு, எப்படிப் போன எடுக்கிறது?" வண்டியை நிறுத்தாமல் மெதுவாக என் பக்கத்திலேயே ஓட்டி வந்தாள். "ஏறுறீங்களா?"

பின் தட்டில், கீரையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேர் பாரத்தோடு வண்டி மேட்டில் ஏறியது. நான் பின்சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

மதியம் கீரையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்தாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். வண்டி சேறும் இலையுமாகக் கொட்டகையில் நின்றது. ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் எடுத்து, மேலாக மட்டும் துடைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.