அண்ணை நடந்த உப்புவெளி

யுத்தத்தில் நான் மொன்றியலுக்கும் அண்ணை போட்ஸ்வானாவுக்கும் போய் விழுந்தோம். அங்கே அவர் கணக்கு வாத்தியார். பல வருடங்கள் கழித்து, இரண்டாயிரங்களின் நடுவில், நானும் கணவரும் மொன்றியலின் லாசால் பகுதியிலிருந்து அவரைப் பார்க்கப் போனோம். யானை காட்டுகிறேன் என்று பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். வழியில் உப்புவெளி. அடிவானம்வரை வெள்ளை, ஒரு மரமில்லை, ஒரு காகமில்லை. எனக்குக் கண்டதுமே பிடிக்கவில்லை.

நான்தான் ஓட்டுவேன் என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றார். தங்கையின் புருஷன் கேட்டால் மறுக்க அண்ணைக்கு வராது. வண்டித் திறப்பைக் கொடுத்தார்.

"பழைய ரயர் தடத்தை விட்டு விலகாதேங்கோ மச்சான்."

இவர் விலகினார். படமெடுக்க நல்ல இடமாம். மேலே காய்ந்த உப்புப் பொருக்கு, கீழே களி. பொருக்கு உடைந்து பின்சில்லு இறங்கியது.

"விடுங்கோ மச்சான், ரயரில காத்தைக் குறைச்சுப் பாப்பம்."

"மொன்றியல் ஸ்நோவுக்குள்ள எத்தினை காரை எடுத்திருப்பன்! சும்மா இருங்கோ."

முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி மிதித்தார். பனிக்கு அடியில் தார் ரோட்டு இருக்கும். இங்கே சேறுதான். வண்டி அச்சுவரை புதைந்தது. நான் கத்தினேன், இவர் காதில் ஏறவில்லை. அண்ணை பிறகு வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை மரியாதை என்ற சனியன் அவர் நாக்கைக் கட்டிவிட்டது.

கைபேசிக்குச் சிக்னல் இல்லை. தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வந்த வழியில் ஒரு மாட்டுப்பட்டியைக் கண்டதாக அண்ணை சொன்னார். அவருக்குக் கடுமையான சலரோகம், சர்க்கரை வியாதி. கணவர் தான் போவதாகச் சொன்னார்.

"உங்களுக்கு அவையின்ரை பாஷை தெரியாது. நான் போறன்."

செருப்போடு நடந்து போனவர் பொழுது சாயும் நேரம் ஒரு டிராக்டரோடு திரும்பினார். வண்டி வெளியே வந்ததும் எல்லோரும் சிரித்தோம். அண்ணை கால் கழுவும்போதுதான் பார்த்தேன். குதிக்காலில் கொப்புளம் உடைந்து, அதற்குள் உப்பு காய்ந்து கிடந்தது.

"நோகேல்லைப் பிள்ளை," என்றார். அந்த வியாதிக்காரருக்குக் கால் மரத்துப்போயிருக்கும், நோகாதுதான்.

நாங்கள் மொன்றியலுக்குத் திரும்பிய பிறகும் புண் ஆறவில்லை. விரல் என்றார்கள், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "சலரோகக்காரருக்கு வாறதுதானே," என்று கணவர் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை தொலைபேசி அட்டை போட்டு எடுத்தேன். எங்கள் வீட்டில் வெளிநாட்டுக் கதையெல்லாம் ஸ்பீக்கரில்தான். கணவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான் பக்கத்தில நிக்கிறாரோ?" என்று அண்ணை கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன்.

"இல்லை அண்ணை, வேலைக்குப் போட்டார்."

"அப்ப சொல்லுறன். அண்டைக்கு உப்பில நடந்ததாலதான் கால் போனதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மச்சானுக்கு ஒருக்காலும் சொல்லிப்போடாதை. மனிசன் தாங்கமாட்டார்."

கணவரின் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் ஸ்பீக்கரை நிறுத்தவில்லை.

"ஓம் அண்ணை, சொல்லமாட்டன்," என்றேன்.